கின்லோரன் நிழல்

சித்திரை பிறந்து, மலைமேல் வெயில் நேர் உச்சிக்கு வந்து நின்ற ஒரு மத்தியானத்தில், கின்லோரன் எஸ்டேட்டின் கொழுந்து எடை போடும் கொட்டகைக்கு வெளியே வரிசையில் நின்ற பெண்களின் நிழல்கள் வழக்கம்போலக் காலடிக்குள் சுருண்டு கிடக்க, மாடத்தியின் நிழல் மட்டும் வடக்கே நீண்டு, தராசைத் தாண்டி, சூப்பர்வைசரின் பைக்கைத் தாண்டி, தேயிலைச் செடிகளின் தலைமேல் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. "ஏட்டி மாடத்தி, நிழலைக் கொஞ்சம் மடக்கி வையி, மிதிச்சிரப் போறேன்" என்றாள் அப்போதுதான் தலைச்சுமையோடு வந்து பின்னால் நின்ற ஒருத்தி. தன்னுடைய நிழலும் அதே திசையில் அதே நீளத்துக்குக் கிடப்பதை அவள் சொல்லி முடித்த பிறகுதான் பார்த்தாள். எடை போடுகிறவன் இரண்டு நிழல்களையும் பார்த்தான், ஈரக் கொழுந்து என்று சொல்லி வழக்கமாகக் கழிப்பதைக் கழித்துக்கொண்டான், அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

யார் யாருக்கு நிழல் நீண்டது என்பது அந்த வாரமே எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. மேல் லயன் வீடுகளில் பாதிப் பேருக்கு நீண்டது, கீழ் லயனில் அங்கொருவருக்கும் இங்கொருவருக்குமாக நீண்டது; மாரியம்மன் கோயில் பூசாரிக்கு நீண்டது, கூடப் பிறந்த தம்பிக்கு நீளவில்லை; தன் சாதியின் சுத்தத்தைப் பற்றி டீக்கடையில் மணிக்கணக்காகப் பேசும் யூனியன் தலைவருக்கு நீண்டது, அவரை ஜென்ம விரோதியாக நினைக்கும் எதிர் யூனியன் தலைவருக்கும் துளி கூடக் குறையாமல் அதே அளவு நீண்டது. காலையிலும் சாயங்காலத்திலும் எல்லோர் நிழலும் நீளம்தான் என்பதால் அப்போதெல்லாம் எல்லோரும் எல்லோரோடும் சகஜமாக இருந்தார்கள், உச்சிவெயில்தான் காட்டிக்கொடுத்தது. குடை பிடித்துப் பார்த்தார்கள். குடையின் நிழல் ஒழுங்காகக் காலடியில் வட்டமாக விழ, ஆளின் நிழல் அதற்குள்ளிருந்து கிளம்பித் தன் வழியே போயிற்று. பூசாரி உச்சிகால பூஜையைக் காலை ஆறரைக்கு மாற்றினார், அம்மனே கனவில் வந்து அப்படிக் கேட்டதாகச் சொன்னார், அம்மன் கேட்டால் சரிதான் என்று ஊரும் விட்டுவிட்டது. கைக்குழந்தைக்காரிகள் மத்தியானமானால் பழைய சேலையை விரித்துப் பிள்ளைகளை மாடத்தியின் நிழலில் வரிசையாகப் படுக்கவைத்துவிட்டு, "அக்கா, அசையாம நில்லுக்கா, ஒரு வாய் தின்னுட்டு வந்துருதோம்" என்று போனார்கள், அவளும் தன் தூக்குச்சட்டியைத் திறக்காமல் கல்லாட்டம் நின்றாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நீண்ட நிழல்களைக் குறுக்கே தாண்டி விளையாடினார்கள்.

ஏன் இப்படி ஆயிற்று என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை, ஏனென்றால் கேட்க வேண்டிய தேவை ஒருவருக்கும் இல்லை. இந்த மலையை வெட்டித் தேயிலை நட்ட கின்லோரன் துரை கல்யாணம் செய்துகொள்ளாமலே இங்கே கிழவனாகிச் செத்தவன். அவன் காலத்தில், கங்காணி ஒரு வீட்டு வாசலில் வந்து நின்று "பங்களாவில வெந்நீர் போட ஆள் வேணுமாம்" என்று சொன்னால், அந்த வீட்டில் இருக்கும் பெண்களில் எவளைச் சொல்கிறான் என்பது அவன் சொல்லாமலே தெரியும். போனவள் விடிகாலையில் திரும்பி வந்து, மற்றவர்களோடு மலையேறிக் கொழுந்து பறிப்பாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் வெந்நீர் என்ற சொல்லையே யாரும் சொல்ல மாட்டார்கள், சுடுதண்ணி என்பார்கள். மேல் லயனில் இன்றுவரை சுடுதண்ணிதான். அந்தப் பெண்களெல்லாம் பெயர்கூட மிஞ்சாமல் தேயிலைக்கு உரமாகிப் போனபின், அத்தனை வருஷம் பொறுத்திருந்த நிழல் இப்போது வந்து கிடக்கிறது. இதைப் போய் யார் யாரிடம் கேட்பது?

எஸ்டேட்டிலேயே இதற்காகச் சந்தோஷப்பட்டது ஒரே ஓர் ஆள், அடலின் கின்லோரன். எழுபது வயது, கல்யாணமாகாதவள், தேவாலயத்துக்குப் பக்கத்தில் தகரக்கூரை போட்ட வீட்டில் தனியாக இருந்துகொண்டு, முழங்காலுக்குக் கீழே இறங்கும் கவுனும் கழுத்தில் பவுடருமாக, ஆணோ பெண்ணோ எவரையும் 'மேன்' போட்டுப் பேசிக்கொண்டு எஸ்டேட் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பவள். துரையின் பெயரைச் சுமந்து உலகத்தின் இந்த மூலையில் மிச்சமிருக்கும் கடைசி ஆள். மாடத்தியின் நிழலைத் தூரத்திலிருந்து பார்த்தவுடனேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. அவளுடைய அப்பா சொல்லியிருக்கிறார்: அங்கே, நம்முடைய நாட்டில், குளிர்காலத்துச் சூரியன் மலைக்கு மேல் ஏறவே ஏறாது, பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கும் ஆள் நிழல் வடக்கே தென்னை உயரத்துக்குக் கிடக்கும். இவர் எப்போது அங்கே போய்ப் பார்த்தார் என்று கேட்டால் பதில் இருக்காது. ஆனாலும் அந்த வீட்டில் "நம்முடைய நாடு" என்றால் ஸ்காட்லாந்துதான்.

அந்தப் பெயரின் பிறப்பு வளர்ப்பெல்லாம் அடலினுக்கு வேத வசனம்போல மனப்பாடம். ஓர் ஏரியின் தலைமாட்டில் இருந்த காட்டுக்குப் பெயர் கின்லோரன். காட்டில் குடியிருந்தவர்களுக்கும் அதுவே பெயராயிற்று. காட்டை வெட்டியபின் பெயர் ஊரூராகக் கிளம்பியது. கனடாவின் பனியில் கின்லோரன்கள் உண்டு, நியூசிலாந்தில் ஆடு மேய்க்கும் கின்லோரன்கள் உண்டு, ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களில் கன்னங்கரேலென்ற கின்லோரன்களும் உண்டு. அடிமைகளுக்கு முதலாளியின் பெயரையே வைத்துவிடும் வழக்கம் அங்கே இருந்ததாக எங்கோ படித்தபோது அந்தப் பக்கத்தை அவள் கொஞ்சம் வேகமாகவே புரட்டினாள். அவளுடைய தம்பி கிளிஃபோர்ட் ஆஸ்திரேலியாவுக்குப் போய்க் குடியேறி, அங்கே எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் பூர்வீகம் சொல்லும் ஒரு பரிசோதனையைச் செய்துகொண்டு, போனில் கூப்பிட்டான். "அடலின், அதுல ஸ்காட்லாந்தே வரலை. பொள்ளாச்சிப் பக்கம், பாலக்காட்டுப் பக்கம், அவ்வளவுதான் காட்டுது." "எச்சில் மாறிப்போயிருக்கும் மேன்" என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள். அதற்கப்புறம் அவன் கிறிஸ்துமஸுக்கு மட்டும் கூப்பிட்டான்.

ஏனென்றால் அவளுக்கு வாழ்க்கையில் இருந்தது ஒரே ஓர் ஆசை. தேவாலயத்துக்குப் பின்னால், இடுப்பளவு கருங்கல் சுவர் எழுப்பிய சதுரத்துக்குள், துரையின் கல்லறையும் பெயர் தாங்கியவர்களின் கல்லறைகளும் இருக்கின்றன. அதற்குள் இன்னும் ஒருவருக்கு இடம் பாக்கி. வருஷாவருஷம் துரையின் நினைவுநாளில், பெயர் தாங்கியவர் நேர் மத்தியானத்தில் அந்தச் சுவருக்குள் நின்று, கல்லில் இருக்கும் பெயர்களை உரக்க வாசித்து, ஒரு மூடி விஸ்கியைத் தலைமாட்டில் ஊற்றி, வந்த பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பன் கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். அப்பாவுக்குப் பின் அதை அடலின் ஒரு வருஷம் தவறாமல் செய்துவந்தாள். கடைசியில் அந்த இடத்தில் தானும் போய்ப் படுத்துவிட்டால், தான் இந்த மலையில் அந்நியமாகவும் இல்லாமல், சொந்தமாகவும் இல்லாமல், நடுவில் தொங்கிக்கொண்டு கழித்த காலமெல்லாம் நேராகிவிடும் என்று நம்பினாள்.

அதனால் அவள் தேவாலயத்துக்கு உடுத்தும் கவுனை உடுத்தி, தொப்பி வைத்துக்கொண்டு, ஒரு மத்தியானம் வீட்டுக்குப் பின்னால் துணிக்கொடிக்கும் சுவருக்கும் நடுவே போய் நின்றாள். நிழல் தொப்பி அளவுக்கு வட்டமாக, ஷூவைச் சுற்றி விழுந்தது. தொப்பியைக் கழற்றினாள். வட்டம் இன்னும் சின்னதாயிற்று. வடக்கே திரும்பி நின்றாள், கண்ணை மூடித் திறந்தாள், மேகம் ஏதும் ஏமாற்றுகிறதா என்று பார்த்தாள், மறுநாளும் வந்து நின்றாள், அதற்கு மறுநாளும். நிழல் காலடியை விட்டு அசைவேனா என்றது. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், அன்று முதல் வெயில் சாய்ந்தபின் மட்டும், அல்லது மூடுபனி இறங்கும் நாட்களில் மட்டும் வெளியே வந்தாள். அந்த வருஷம் துரையின் நினைவுநாளுக்கு மிஸ்ஸுக்கு முட்டிவலி என்றார்கள், பிள்ளைகளுக்கு பன் வீட்டுக்கே போயிற்று.

மாடத்திக்கு நிரோஷா என்று ஒரே மகள். அடலினிடம் இங்கிலீஷ் படித்தவள், எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸுக்கு உதவியாக இருந்தாள். அம்மாவைப் போலவே அவளுக்கும் நிழல் வடக்கே நீண்டது. உடுமலைப்பேட்டையில் எலெக்ட்ரிக் வேலை பார்க்கும் ஒரு பையனுக்கு அவளைப் பிடித்து, அவளுக்கும் அவனைப் பிடித்து, ஒரு சாயங்காலம் பெண் பார்த்துப் பூ வைத்துவிட்டும் போனார்கள். ஊருக்குத் திரும்பியபின்தான் யாரோ மாப்பிள்ளை வீட்டாரின் காதில் நிழல் சமாச்சாரத்தை ஓதியிருக்கிறார்கள். தேயிலைக்கு அடிக்கிற பூச்சிமருந்தால் அப்படி ஆகிறது என்று எஸ்டேட்டில் எல்லோரும் ஒரே குரலில் சாதித்தார்கள், இரண்டு யூனியன்காரர்களும் முதல்முறையாக ஒரே பேச்சைப் பேசினார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் லேசில் விடுகிற ஆள் இல்லை.

மாடத்தி மகளையும் கூட்டிக்கொண்டு அடலின் வீட்டுக்கு வந்தாள்.

"மிஸ்ஸு, வர்ற ஞாயித்துக்கெழம மத்தியானம் அவுக வாராக. அந்த மாமன் ஒண்ணே ஒண்ணுதான் கேக்காரு. துரை பேரை வச்சிருக்க அம்மாவுக்கு நிழல் எப்படி விழுதுன்னு காட்டுங்க, அவுகளுக்கும் எங்களாட்டம் காலடியிலயே விழுந்தா இது துரை ரத்தமில்ல, மருந்துதான்னு நாங்க ஒத்துக்கிடுதோம், அங்கனயே தட்டு மாத்திக்கிடுவோம்ங்காரு. நீங்க ஒரு நிமிஷம் வாசல்ல வந்து நின்னாப் போதும்."

"என் நிழல் எப்படி விழும்னு உனக்கு என்ன தெரியும்?" என்றாள் அடலின்.

மாடத்தி தரையைப் பார்த்தாள். "எனக்கு என்ன தெரியும் மிஸ்ஸு. நீங்க வந்து நின்னாப் போதும்."

"ஞாயித்துக்கிழமை எனக்கு முட்டிவலி இருக்கும் மேன்."

"ஞாயித்துக்கிழமை வரப்போற வலி இன்னைக்கே தெரியுதா மிஸ்?" என்று நிரோஷா கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு மிஸ். வேற ஒண்ணும் நான் உங்ககிட்ட கேட்டதில்ல."

வருகிறேன் என்றும் சொல்லாமல், மாட்டேன் என்றும் சொல்லாமல், அடலின் அவர்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை வானத்தில் ஒரு பிசிறு மேகம் இல்லை. இந்த மலையில் எந்த மாதமும் எப்போது வேண்டுமானாலும் இறங்கும் மூடுபனி அன்றைக்கென்று எங்கே போய்த் தொலைந்ததோ தெரியவில்லை. வேனில் வந்து இறங்கிய உடுமலைக்காரர்கள் மறுவீட்டு விருந்துக்கு வந்தவர்கள்போல வெள்ளையும் சொள்ளையுமாக அடலினின் வாசல் மைதானத்தில் நின்றார்கள், அவர்களைச் சுற்றி எஸ்டேட்டே நின்றது, தாம்பாளத்தில் வெற்றிலையும் பழமும் சேலையும் தயாராக இருந்தன. நடுவில் நிரோஷா நின்றாள், அவள் நிழல் மைதானத்தின் மறுகோடி வரைக்கும் போய்ச் சவுக்கு வேலியில் ஏறியிருந்தது. மாப்பிள்ளைப் பையன் மட்டும் அந்த நிழலை மிதித்துவிடாமல் தள்ளி நின்றுகொண்டிருந்தான்.

அடலின் உடுத்தித் தயாராகத்தான் இருந்தாள். கை தாழ்ப்பாளின் மேல் இருந்தது. திறந்து இரண்டு படி இறங்கினால் போதும். இறங்கினால், அந்தச் சின்ன வட்டத்தை எஸ்டேட் முழுக்கப் பார்க்கும். தேவாலயக் கமிட்டிக்காரர்கள் பார்ப்பார்கள். கருங்கல் சுவருக்குள் இருக்கும் இடத்தை வேறு யாருக்காவது, உண்மையாகவே நிழல் நீண்டவர்களுக்கு, கொடுத்துவிடுவார்கள். கல்லில் வாசித்த பெயர்க்காரர்களெல்லாம் யாரோ எவரோ ஆகிவிடுவார்கள். தன் அப்பா யாரோ ஆகிவிடுவார். "மிஸ், நான்தான் நிரோஷா" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. "ஒரே நிமிஷம் மிஸ்." பத்து வயதில் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுச் சரியா என்று நிமிர்ந்து பார்க்கும் அதே குரல். அடலின் தாழ்ப்பாளை இறுகப் பிடித்துக்கொண்டாள், திறக்கவில்லை.

அப்போது தாய்மாமன் சொல்வது கேட்டது. "விடுங்க, அந்தம்மா வர மாட்டாங்க. வந்தாத்தான் தெரிஞ்சு போயிருமுங்களே. இந்தப் புள்ளைக்கே இத்தனை நீளம்னா, பேரை வச்சிருக்கறவங்களுக்கு இதைவிட நீளமாத்தான் விழும். அப்ப இது மருந்தில்லீங்க, ரத்தந்தான். நாங்க வர்றோமுங்க."

இதைவிட நீளமாத்தான் விழும்! தன்னைத் தவிர இன்னொருவர் வாயால் அதைக் கேட்பது அடலினுக்கு அதுவே முதல்முறை. அவளுக்கு நெஞ்செல்லாம் சந்தோஷம் பொங்கிற்று. நாற்காலியில் உட்கார்ந்து, யாருமில்லாத அறையில், அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போதுதான் வேன் கிளம்புகிற சத்தமும், பெண்கள் யாரோ ஒருத்தியை நடத்திக் கூட்டிப்போகிற சத்தமும் கேட்டன. அந்தச் சிரிப்புக்காக அவள் சாகும்வரை தன்னை மன்னிக்கவில்லை.

நிரோஷா சண்டை போடவும் இல்லை, படுத்துக்கொள்ளவும் இல்லை. திருப்பூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் எப்போதும் நைட் ஷிப்ட் மட்டுமே செய்ய ஆள் கேட்கிறார்கள் என்று தெரிந்து, தானே போன் செய்து பேசினாள். பகல் முழுக்க ஹாஸ்டலில் ஜன்னலை மூடிக்கொண்டு தூங்கிவிடலாம், பொழுது சாய்ந்தபின் மில்லுக்குள் போய் விடியுமுன் திரும்பிவிடலாம், இருக்கிற ஆயுசுக்கு உச்சிவெயிலையே பார்க்காமல் இருந்துவிடலாம். "வெயில்ல நிக்காம எத்தனை நாளு இருப்ப?" என்று மாடத்தி கேட்டாள். "எத்தனை நாளு முடியுதோ அத்தனை நாளும்மா" என்றாள் மகள். பொள்ளாச்சி பஸ் மத்தியானத்தில்தான் கிளம்பும். அவள் பையோடு நின்றபோது நிழல் ரோட்டின் குறுக்கே கிடந்தது, கண்டக்டர் இந்த ஊர்ப் பழக்கத்துக்கு வந்துவிட்டவன் என்பதால், "ஏறும்மா, நிழலையும் பார்த்து உள்ள எடுத்துக்க" என்றான். முழுசாக உள்ளே அடங்கவில்லை. பஸ் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவாகத் திரும்பி இறங்கும்போதும், ஜன்னலுக்கு வெளியே தொங்கிய மிச்ச நிழல் தேயிலைச் சரிவைத் தடவிக்கொண்டே இறங்கியதை மேல் லயனில் இருந்தவர்களெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஜன்னல் வழியாக அடலினும் பார்த்தாள். பஸ் கண்ணுக்கு மறைந்ததும் தாழ்ப்பாளைத் திறந்தாள். தொப்பி இல்லாமல், செருப்பு இல்லாமல், சுடுகிற மைதானத்தின் நடுவுக்கு வந்து நின்றாள்.

"பாருங்க!" என்று கத்தினாள். "எல்லாரும் வந்து பாருங்க! என் நிழலைப் பாருங்க!"

எதிரே கொட்டகையில் கொழுந்து எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓரிருவர் திரும்பிப் பார்த்துவிட்டு, கூச்சப்பட்டவர்கள்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மாடத்தி மட்டும் தலைச்சுமையை இறக்கிவைத்துவிட்டு வந்தாள்.

"உள்ள போங்க மிஸ்ஸு. வெயில்."

"எனக்கு நீள நிழலே இல்லை மாடத்தி. பாரு. நான் கின்லோரன் இல்லை."

"தெரியும் மிஸ்ஸு."

"உனக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும். எங்க ஆத்தா காலத்துலயே தெரியும். உங்க அப்பாவோட தாத்தா துரை வீட்டு பட்லரு. அவருக்கு ஞானஸ்நானம் குடுக்கையில துரையே ஞானத்தகப்பனா நின்னு, தன் பேரையே போட்டுட்டாராம். அதுல வந்த பேருதான் உங்களுக்கு."

"அப்புறம் ஏன் ஒருத்தரும் எங்கிட்ட சொல்லலை?"

"உங்களுக்குன்னு இருக்கது அந்தப் பேரு ஒண்ணுதான். அதையும் எதுக்குப் பறிக்கணும்னு விட்டுட்டோம்."

"தெரிஞ்சேதான் என்னை வாசல்ல வந்து நிக்கச் சொன்னியா?"

"உடுமலக்காரவுகளுக்குத் தெரியாதுல்லா மிஸ்ஸு. அவுகளுக்காகத்தான கேட்டோம்."

இத்தனை நாளும் கதவைச் சாத்திக்கொண்டு தான் காப்பாற்றியது, ஊருக்கே தெரிந்த ஒன்றை, ஊர் மரியாதைக்குப் பேசாமல் இருந்த ஒன்றை. அதற்கு விலையாகப் போனவள் இந்நேரம் பாதி மலை இறங்கியிருப்பாள். அடலின் அழக்கூட முடியாமல், பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்பதுபோல, "சுவருக்குள்ள அந்த இடம்..." என்று ஆரம்பித்தாள்.

"அந்த இடம் உங்களுக்குத்தான் மிஸ்ஸு. அந்த ஆளு பக்கத்துல வேற எவ போய்ப் படுக்கப் போறா?" என்றாள் மாடத்தி. அவள் குரலில் கோபம் இல்லை, கோபப்படுகிற அளவுக்கு அவளிடம் மிச்சம் எதுவும் இல்லை. மலையிறங்கும் ரோட்டைப் பார்த்தபடி மேலும் சொன்னாள்: "உங்க பட்லர் தாத்தா நல்ல மனுசராம். பங்களாவுக்கு வர்ற பொண்ணுகளுக்கு முதல்ல ஒரு டம்ளரு காப்பி குடுப்பாராம். பொறவுதான் பொறவாசக் கதவைத் திறந்துவிடுவாராம். கதவு அவரு பொறுப்புல இருந்துச்சாம்."

வெயில் நட்டநடுத் தலையில் நின்றது. அடலினுக்குக் கண் இருட்டியது. மாடத்தி அவளைத் தொடவில்லை. நாலு எட்டு தெற்கே தள்ளிப் போய் நின்றாள். அவளுடைய நிழல் மைதானத்தின்மேல் விழுந்து, அடலினின் வெறுங்காலில் ஏறி, கவுனில் ஏறி, நரைத்த தலையையும் மூடிற்று. அதற்குள் சில்லென்று இருந்தது. இந்த மலையின் குளிர் இல்லை, தூரத்து ஏரிக்கரை எதிலோ காடு இருந்த காலத்துக் குளிர். ஆயுசு பூராவும் போய்ச் சேர ஏங்கிய இடத்துக்குள் அடலின் கின்லோரன் முதல்முறையாக நின்றாள், நின்று, சத்தம் போட்டு அழுதாள். அவள் அழுது முடிக்கும்வரை மாடத்தி, கைக்குழந்தைக்காரிகள் பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டுப் போகும்போது நிற்பாளே, அதே மாதிரி அசையாமல் நின்றாள்.